பை தொங்கும்போது அடிக்காத மணி

அப்பாவின் அறையில் பீ நாற்றத்தைக்கூடக் குத்தூசி பொறுத்துக்கொள்வாள். அதன் தலைமேல் அடித்துவைத்திருந்த ரோஜா வாசனை ஸ்பிரேதான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் கலந்து ஒரு வாடை அடிக்குமே, கண்றாவி, அதைச் சொல்லி விளக்க முடியாது. மூக்கில் ஏறினால் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்த பிறகும் இறங்காது. அந்த வாடைக்கு நடுவில் நின்றுகொண்டு முதியோர் இல்லத்தின் ஹெட் சிஸ்டர் போட்டோவுக்குச் சிரிப்பவள் மாதிரி சிரித்தாள்.

"மறுபடியும் படுக்கையிலயே போயிட்டார் மேடம். பெல்லை அழுத்துங்கன்னு சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்குது. அழுத்தவே மாட்டேங்கிறார்."

"அழுத்தினாரான்னு மிஷின்ல பாத்தீங்களா?"

"பாக்காம இருப்போமா? பதிவே இல்லை. நீங்களே பாருங்க."

கட்டிலின் தலைமாட்டில், அழைப்பு மணியும் சாப்பாட்டுப் பையும் வந்து சேர்கிற ஒரு சின்னப் பெட்டி உண்டு. குத்தூசி அதன் திரையைத் தட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுப் பை காலி என்ற செய்தி ஒழுங்காக வந்திருந்தது. அழைப்பு என்ற செய்தி மட்டும் மருந்துக்குக்கூட இல்லை. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்த பெட்டிதான் அது. மனுஷன் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது என்பது அவள் கட்சி. அப்பாவின் பக்கம் குனிந்தாள்.

"ஏம்ப்பா இப்படி மானத்தை வாங்கறீங்க? கட்டைவிரல் நல்லாத்தானே இருக்கு? ஒரு அழுத்து அழுத்தினா குறைஞ்சா போயிடுவீங்க?"

அப்பாவால் பதில் சொல்ல முடியாது. பக்கவாதம் வந்து பேச்சைக் கொண்டுபோய்விட்டது. விழுங்கவும் முடியாமல் போனதால் வயிற்றில் குழாய் போட்டு, ஸ்டாண்டில் தொங்கும் பையிலிருந்து பால் மாதிரி ஒன்றை இறக்குகிறார்கள். உடம்பு முழுவதிலும் சொன்ன பேச்சைக் கேட்பது வலது கட்டைவிரல் ஒன்றுதான். அதன் நுனியிலும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அவர் மகளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு காலத்தில் அந்தக் கட்டைவிரலுக்கு ஊரே அடங்கியது. அப்பா பஸ் கண்டக்டர். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் எடு. டிக்கெட் வாங்காமல் பல்லை இளிப்பவனை ஒரு மணியில் நிறுத்தி இறக்கிவிடுவார். இறங்கியவன் கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே டிங் டிங் என்று இரண்டு மணி. அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டிலும் இதே கூத்துதான். சித்தப்பா சாப்பிட உட்கார்ந்து புளுகை அவிழ்த்துவிட்டால் அப்பா வாக்குவாதமே செய்யாமல் கரண்டியால் தட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். இறங்கு, வண்டி போகுது என்று அர்த்தம். அம்மா இருந்தவரை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மகள் படித்து வேலைக்குப் போனபோது அவர் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடினார்: "நான் கண்டக்டர், என் பொண்ணு டிரைவர். வீட்டுல வண்டி மட்டுந்தான் இல்லை."

அவள் ஓட்டுகிற டிரைவர் இல்லை, எழுதுகிற டிரைவர். ஒரு பொத்தானுக்கோ சென்சாருக்கோ கம்ப்யூட்டரின் மூளையோடு நேராகப் பேசத் தெரியாது. நடுவில் நின்று பேசிக்கொடுக்கும் புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பேர். பொத்தானை அழுத்தினால் அதன் கம்பி சிப்பின் ஒரு காலில், பின் என்பார்கள், மின்சாரத்தைக் கீழே இழுக்கும். மூளை கையிலிருக்கிற வேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு, யார் கூப்பிட்டது என்று ஓடிவர வேண்டும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். ஓடிவந்தவன் காரியத்தைக் கவனித்து, கேட்டுவிட்டேன், கையை எடு என்று கூப்பிட்டவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவன் கம்பியை விடுவான். மற்றவர்கள் எழுதிய டிரைவரில் இந்த இடத்தைத்தான் அவள் குத்திக் குத்திப் பார்ப்பாள். அதனால்தான் ஆபீசில் அவளுக்குக் குத்தூசி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது தெரிந்தும் அவள் குத்துவதை நிறுத்தவில்லை.

அப்பாவின் கட்டில் பெட்டிக்கு டிரைவர் எழுதியவன் அவளில்லை. அவள் வேறொரு மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. எழுதியவனை ஆபீசில் ஆச்சு என்பார்கள். எந்த வேலையைக் கேட்டாலும், முடிந்ததோ முடியவில்லையோ, "ஆச்சுங்க" என்பான். மேனேஜருக்கு அவன் என்றால் உயிர்.

அன்று மாலையே அண்ணன் போன் செய்தான்.

"சிஸ்டர் பேசினாங்க. வெள்ளிக்கிழமை வரச் சொல்றாங்க. பின்கட்டுக்கு மாத்திடலாங்கிறாங்க."

"பின்கட்டுன்னா என்னன்னு தெரியுமாண்ணா உனக்கு?"

"தெரியும். கொஞ்சம் அமைதியா இருக்கும்."

அமைதியாம்! பின்கட்டு என்பது இல்லத்தின் பின்பக்கக் கட்டடம். வேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரியாதவர்களுக்கு என்று ஒதுக்கியது. அங்கே கட்டிலில் மணி கிடையாது. குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கையில் துணி உறையை மாட்டிக் கட்டிவிடுவார்கள். டயபரை அவர்கள் சுற்றி வருகிற நேரத்தில்தான் மாற்றுவார்கள், நடுவில் செத்தாலும் மாற்ற மாட்டார்கள். புத்தி தெளிவாக இருக்கிற மனுஷனை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் மிச்சமிருக்கும் ஒரு விரலும் உறைக்குள் போய்விடும்.

"அப்பாவுக்கு எல்லாம் புரியுதுண்ணா. கண்ணைப் பாத்தாலே தெரியலை?"

"புரியுதுன்னா ஏன் அழுத்தலை? நீதானே சொல்லுவே, மிஷின் பொய் சொல்லாதுன்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது என்ற வீம்பு. பை சொட்டிச் சொட்டிக் காலியானது. பெட்டித் திரையில் பை காலி என்று வந்தது. அதை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சுற்றி வரும்போது மாற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. வயிறு நிறைந்ததும் வெளியே போக வருவது எல்லா உடம்புக்கும் உள்ளதுதான். அவர் கட்டைவிரல் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தியது.

கதவுக்கு மேலே எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. அவர் மறுபடி அழுத்தினார். நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். விட்டுவிட்டு அழுத்தினார், விடாமல் அழுத்தினார். நெற்றியில் வேர்வை வந்துவிட்டது. வராந்தாவில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். பிறகு அந்த வாடை வந்தது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

குத்தூசி வெளியே ஓடிக் கத்திய கத்தலில் ஆயாம்மா வந்துவிட்டாள். வந்தவள் முதலில் காலிப் பையைக் கழற்றிவிட்டுப் புதுப் பையை மாட்டினாள்.

"முதல்ல அவரைச் சுத்தம் பண்ணுங்கம்மா!"

"பையைச் சுத்தமான கையாலதான் தொடணும் கண்ணு. பை முதல்ல, அப்புறந்தான் மத்தது. இங்க ரூல் அதுதான்."

மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். டிங். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா, பெல்லு நல்லாத்தான் இருக்கு. அவர்தான் அழுத்த மாட்டேங்கிறாரு."

அழுத்தினார், நான் பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்த குத்தூசி அப்படியே நின்றாள். அப்பா எப்போதோ சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. பழைய பஸ்ஸில் மணிக்கு ஒரே கயிறு, பயணிகளின் தலைக்கு மேலே நீளத்துக்கும் ஓடும். ஒருநாள் கூட்டத்தில் ஒரு தடியன் தன் பையை அந்தக் கயிற்றிலேயே மாட்டிவிட்டான். கயிறு விறைத்து நின்றுவிட்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், மணி அடிக்கவில்லை. இறங்க வேண்டிய இடம் போயே போய்விட்டது. "இழுக்கவே இல்லைன்னு எல்லாரும் அவளைத்தான் ஏசினாங்க. கயித்துல என்ன தொங்குதுன்னு ஒருத்தனும் தலையைத் தூக்கிப் பாக்கலை," என்பார் அப்பா.

"ஆயாம்மா, அந்தக் காலிப் பையைத் திரும்ப மாட்டுங்க."

"என்ன கண்ணு விளையாடறியா?"

"மாட்டுங்கன்னு சொல்றேன்ல!"

காலிப் பையை மாட்டினார்கள். குத்தூசி பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. ஓங்கி அழுத்தினாள். ஊஹூம். நிறைந்த பையை மாட்டி அழுத்தினால் டிங். பை காலியாகத் தொங்குகிற நேரத்தில் மணி செத்துக் கிடக்கிறது, அப்பாவுக்கு மணி தேவைப்படுவதும் அதே நேரத்தில். யார் வந்தாலும் ரூல்படி முதலில் பையை மாற்றிவிடுவதால் செத்த மணியை இதுவரை யாரும் பார்க்கவில்லை.

"சீ!" என்றாள் குத்தூசி. ஆயாம்மா தன்னைத்தான் சொல்கிறாள் என்று முகம் சுருங்கினாள். குத்தூசி தன்னையேதான் திட்டிக்கொண்டாள். பதிவு இல்லை என்றால் அழுத்தவில்லை என்று அர்த்தம் என்று நம்பியவள் அவள். இப்படியொரு முட்டாள்தனத்தை அவள் தொழில்காரர்களால் மட்டுமே செய்ய முடியும். கம்பி அசையாவிட்டால் பதிவு எங்கிருந்து வரும்?

ஆபீசுக்குப் போனதும் ஆச்சு எழுதியதைத் திறந்தாள். திறந்தால், அடேயப்பா, குப்பைத்தொட்டி தேவலை. பொத்தானுக்கும் பைக்கும் ஒரே கம்பி, ஒரே பின். அதில் தப்பில்லை, கயிறு ஒன்றாகவே இருக்கட்டும். ஆனால் கம்பியில் மின்சாரம் இறங்கினால் மூளை ஒவ்வொரு டிரைவரிடமும், உன்னுடையதா என்று கேட்கும். ஒருவரும் ஆமாம் என்று சொல்லாமலே கம்பி கீழே கிடந்தால், யாரும் கண்டுகொள்ளவில்லை என்று புகார் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே மூடிவிடும். பை காலியானதைக் கண்டு சொல்லும் சென்சாரிடம் கையை எடு என்று சொல்லும் வரியை ஆச்சு எழுதவே இல்லை. ஆகவே புகார் வந்தது. புகாரை ஒழிக்க அவன் செய்தது என்ன? எதைக் கேட்டாலும், என்னுடையதுதான், ஆயிற்று என்று டிரைவரைப் பதில் சொல்ல வைத்துவிட்டான். தன்னைப் போலவே ஒன்றைப் பெற்றுப்போட்டிருந்தான். அதற்குப் பிறகு மூளை ஓயாமல் ஓடிவந்து மூச்சு முட்டியது. அதற்கும் கைவசம் வைத்தியம் வைத்திருந்தான். கம்பி கீழே இருக்கிறதா என்று பார்க்காதே, இறங்குகிற அந்த நொடியை மட்டும் பார் என்று மாற்றிவிட்டான். பை காலியானதும் கம்பி இறங்கும், அந்தச் செய்தி வரும். அடுத்த பை மாட்டும்வரை கம்பி கீழேயே கிடக்கும். ஏற்கெனவே கீழே கிடப்பதைப் பொத்தான் எங்கே போய் இறக்குவது?

ஆச்சுவைக் கூப்பிட்டாள்.

"பை சென்சார் கம்பியை விடாம பிடிச்சிட்டு இருக்கே, அதைப் பாத்தியா?"

"டெஸ்ட் எல்லாம் ஆச்சுங்க."

"பை காலியா தொங்கறப்போ பொத்தானை அழுத்திப் பாத்தியா?"

"பொத்தானைத் தனியா பாத்தாச்சு, பையைத் தனியா பாத்தாச்சுங்க. ரெண்டையும் சேர்த்துப் பாக்கச் சொல்லலையே."

சிரிக்க வேறு சிரித்தான். தூ என்று துப்பாத குறையாக அவள் மேனேஜரிடம் போனாள். மேனேஜர் முழுக்கக் கேட்டார், தலையை ஆட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"அடுத்த வெர்ஷன்ல சேத்துடலாம். இப்ப வெளிய தெரிஞ்சா எல்லா இல்லத்துக்கும் பதில் சொல்லணும்."

"எல்லா இல்லத்துலயும் வயசானவங்க பீயிலதான் கெடக்கிறாங்க சார்."

"கொஞ்சம் டீசன்ட்டா பேசுங்க."

"டீசன்ட்டா எப்படி சார் சொல்றது? நீங்களே சொல்லிக்குடுங்க, கத்துக்கறேன்."

அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஹெட் சிஸ்டரின் அறையில் அண்ணன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓட வேண்டுமாம். குத்தூசி பேனாவைப் பிடுங்கி மூடி, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். ஹெட் சிஸ்டர் பின்னாலேயே வந்தாள். காலிப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"அழுத்துண்ணா."

"என்னது?"

"நீ அழுத்து. உனக்குத்தான் பத்து விரலும் நல்லாருக்கே."

அண்ணன் அழுத்தினான். ஒன்றுமில்லை. பலமாக அழுத்தினான். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினான். முகம் மாறியது.

"கயித்துல பை தொங்குதுண்ணா. கைக்குழந்தைக்காரி கதை ஞாபகமிருக்கா?"

அவனும் கண்டக்டர் மகன்தான், ஞாபகம் வந்துவிட்டது. பையை மாற்றச் சொல்லி அழுத்த வைத்ததும் டிங் என்று அடித்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் குத்தூசிக்கு மலத்தைவிட அசிங்கமாகப் பட்டது. எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி!

"அதானே பாத்தேன். எங்க ஸ்டாஃப் மேல தப்பில்லை மேடம்," என்றாள் ஹெட் சிஸ்டர்.

"அப்ப கம்பெனிதான் தப்பு பண்ணியிருக்கு," என்றான் அண்ணன். "நாம என்ன பண்ண முடியும்?"

"இவர் விரல் அந்தப் பொத்தான் மேலயே கெடந்ததை உங்கள்ல ஒருத்தர்கூடப் பாக்கலையா?" என்று கேட்டாள் குத்தூசி.

வாசலில் நின்ற ஆயாம்மா சொன்னாள்: "விரல் நுனியில தோல் உரிஞ்சு உரிஞ்சு வந்துச்சும்மா. நான்தான் மருந்து வெச்சு பிளாஸ்திரி போட்டேன்."

குத்தூசி அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தாள். அழுத்தி அழுத்தியே தேய்ந்த விரல். மருந்து வைத்தவளுக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே திட்டியவளுக்கும் தோன்றவில்லை. பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பின்கட்டுப் பேச்சு அத்தோடு நின்றது. தன் ஆட்கள் மேல் தப்பில்லை என்று தெரிந்ததில் குஷியான ஹெட் சிஸ்டர், தெரிந்த இல்லங்களுக்கெல்லாம் போன் போட்டுக் காலிப் பையை மாட்டி மணியை அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டாள். அவள் தம்பட்டம் அடித்ததில் மேனேஜரின் பாச்சா பலிக்கவில்லை. அடுத்த வெர்ஷன் அவசர வெர்ஷன் ஆனது. குத்தூசி உட்கார்ந்து எழுதினாள்: கம்பி கீழே இருக்கிறவரை பார், யார் இழுத்தது என்று கேள், கேட்டதும் கையை எடுக்கச் சொல், உன்னுடையது இல்லையென்றால் இல்லை என்று ஒழுங்காகச் சொல். காலிப் பையை மாட்டிவைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஆபீஸ் முழுவதற்கும் வந்த மெயிலில், விரைந்து செயல்பட்டதற்காக ஆச்சுவுக்கு மேனேஜர் நன்றி சொல்லியிருந்தார். ஆச்சு அவள் மேஜைக்கு வந்து ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைக் காகிதத்தோடு குப்பையில் போட்டாள்.

புது டிரைவரை அப்பாவின் பெட்டியில் அவளே ஏற்றினாள். அண்ணனும் வந்திருந்தான். வேண்டுமென்றே காலிப் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட்டான்.

"மிஷின்ல கோளாறுப்பா. நாங்க என்ன கண்டோம்? அவங்க சொன்னாங்க, நம்பிட்டோம். இனிமே பாருங்க, ஒரு தட்டுத் தட்டினா ஓடி வருவாங்க."

அப்பா அவனைப் பார்த்தார். குத்தூசியும் குனிந்தாள்.

"நானும் உங்களை நம்பலைப்பா. உங்களைத் திட்டினேன். மன்னிச்சிடுங்கப்பா. இப்ப அழுத்திப் பாருங்க, அடிக்கும்."

அப்பா அவளையும் பார்த்தார். பிளாஸ்திரி போட்ட கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து பொத்தான்மேல் ஏறியது.

டிங். சற்று விட்டு, இன்னொரு டிங்.

கதவுக்கு மேலே விளக்கு எரிந்தது. ஆயாம்மா ஓடி வந்தாள். "என்ன வேணும் ஐயா? இதோ வந்துட்டேன்."

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா! ரெண்டு தடவை அடிக்கிறார். அப்பாவுக்கு என்ன சந்தோஷம் பாரு!"

அப்பாவின் கண் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. இறக்கிவிட்ட பிறகு அவர் திரும்பிப் பார்த்ததில்லை. குத்தூசி தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எழுந்திருண்ணா," என்றாள். "வண்டியை எடுக்கச் சொல்லிட்டார். நம்ம ரெண்டு பேரையும் இறக்கிவிட்டுட்டார்."